கன்னைக் கடைசியில் வாங்கு

பழைய புல்லட்டையோ, தாத்தா விட்டுப்போன லாம்பி ஸ்கூட்டரையோ வீட்டு கார் ஷெட்டில் நிறுத்தி, தன் கையாலேயே பெயிண்ட் அடித்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னைத் தேடி வருவதுண்டு. வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, எந்த கன் வாங்கலாம்?" வண்டிப் பட்டறைகளின் பெயிண்டிங் பக்கத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல மாட்டேன். ஷெட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, போர் மோட்டார் ஸ்டார்ட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது, தனி லைன் இழுத்திருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம், அடிக்கப்போகும் பெயிண்ட் எது என்று நான்தான் கேட்கத் தொடங்குவேன்.

தம்பி (தங்கைக்கும் சேர்த்தே சொல்கிறேன்), கையில் பிடித்துக் காட்டக்கூடிய பொருள்மேல்தான் மனசு முதலில் போகும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதும் அதைத்தான். ஆனால் கன்னுக்கு உயிர் கொடுப்பது அதன் பின்னால் வரும் காற்று. காற்றைத் தருவது மின்சாரம். இரண்டையும் தாங்குவது நீ நிற்கும் இடமும் உன் நுரையீரலும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் சம்பளத்தில் விலை உயர்ந்த கன்னை வாங்கிவிட்டு, அதற்குக் காற்று கொடுக்க வழியில்லாமல் பரணில் போட்டு வைத்திருக்கிறவர்கள் ஏராளம். எனக்குத் தெரிந்த நல்ல பெயிண்டர்கள் எல்லோரும் முதலில் காற்றைத்தான் சரி செய்தார்கள். சுமாரான கன்னிலும் அவர்கள் கை பேசியது.

அதற்கும் முன்னால், இவ்வளவு சாமான் உனக்கு வேண்டுமா என்று யோசி. ஒரு சைடு பாக்ஸ், ஒரு மட்கார்டு அளவு வேலை என்றால் ஸ்ப்ரே டப்பாவே போதும். நன்றாகக் குலுக்கி, அவசரப்படாமல் மெல்லிய கோட்டுகளாக அடித்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. கேட், கிரில், பழைய பீரோ என்றால் பிளக்கில் செருகி அடிக்கிற கையடக்க எலெக்ட்ரிக் கன் போதும். ஆனால் அதன் துளி பெரிது. வண்டி டேங்கில் அடித்தால் ஆரஞ்சுப் பழத் தோல் விழும். மர வேலையில் ஆர்வம் என்றால் டர்பைன் வைத்த கன் நல்ல தேர்வு. அதில் காற்று அழுத்தி அடைக்கப்படுவதில்லை, ஊதப்படுகிறது. அதனால் தண்ணீர்த் தொல்லை கிடையாது, டேங்கும் கிடையாது. மாடல் கார், பொம்மைக்கு 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஏர்பிரஷ். சுவருக்கு அடிக்கும் ஏர்லெஸ் மெஷினை மட்டும் பொழுதுபோக்குக்காக வாங்காதே. அதில் பெயிண்ட் 3,000 பி.எஸ்.ஐ. வரை அழுத்தத்தில் வருகிறது. விரலில் பட்டால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே பெயிண்ட் பாய்ந்திருக்கும், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம்.

இதையெல்லாம் கழித்த பிறகும், வண்டியின் பாகங்களை முறையாக அடிக்க வேண்டும் என்பதுதான் உன் ஆசையா? அப்படியென்றால் கம்ப்ரசரில் தொடங்கு.

கம்ப்ரசர் பெட்டியில் எச்.பி. எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அடுத்து டேங்க் எத்தனை லிட்டர், அழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்று இருக்கும். நீ தேட வேண்டிய எண் இந்த மூன்றும் இல்லை. நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வருகிறது என்பது, அதாவது சி.எஃப்.எம். ஒரு சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர். இதிலும் இரண்டு கணக்கு உண்டு. பிஸ்டன் இழுக்கும் காற்று ஒரு கணக்கு, உண்மையில் வெளியே கிடைக்கும் காற்று (எஃப்.ஏ.டி. என்பார்கள்) இன்னொரு கணக்கு. முதல் எண் எப்போதும் பெரிதாக இருக்கும், விற்கிறவர் அதைத்தான் சொல்வார். "எஃப்.ஏ.டி. எவ்வளவு?" என்று கேள். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே கடைக்காரர் உன்னிடம் பேசும் விதம் மாறும். எந்தத் தொழிலிலும் சரியான ஒரு கேள்வி தெரிந்திருந்தால் ஏமாறுவது பாதியாகக் குறையும்.

தோராயமாக ஒரு எச்.பி.க்கு மூன்று, நான்கு சி.எஃப்.எம். கிடைக்கும். ஆக, வீட்டு சிங்கிள் பேஸ் இணைப்பில் ஓடும் 2 எச்.பி. கம்ப்ரசர் ஆறு, ஏழு தரும். டேங்க் பெரிதாக இருந்தால் அதிகக் காற்று வரும் என்று நம்பாதே. மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு பெரிதானாலும் மோட்டார் ஏற்றின தண்ணீர்தானே குழாயில் வரும்? பெரிய டேங்க் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். அந்த அவகாசமும் உதவும் என்பதால் 50 லிட்டருக்குக் குறையாமல் பார். நேரடியாக மோட்டாரில் பொருத்திய எண்ணெய் இல்லாத வகை விலை குறைவு. ஆனால் சத்தம் தெருவுக்கே கேட்கும், சீக்கிரம் சூடாகும். பெல்ட் போட்ட வகை மெதுவாகச் சுற்றும், சூடு குறைவு, பல வருடம் உழைக்கும். கோவையில் எல்ஜி 1960-லிருந்து கம்ப்ரசர் தொழிலில் இருப்பதால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கம்ப்ரசர் பழுது பார்க்கத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. உன் ஊரில் எதற்கு ஆள் கிடைக்கிறார், எதற்கு வால்வும் ரிங்கும் கிடைக்கிறது என்று விசாரித்து அதை வாங்கு. ஸ்பேர் கிடைக்காத நல்ல பொருளைவிட, ஸ்பேர் கிடைக்கும் சாதாரணப் பொருள் மேல்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் டேங்க் விஷயத்தில் கருணை காட்டாதே. துரு வெளியே தெரியாது. உள்ளே தண்ணீர் தேங்கி, அடித்தகட்டை அரித்திருக்கும். அழுத்தத்தில் வெடித்தால் அது வெடிகுண்டுதான். தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யாத பழைய டேங்க் இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் ஏற்றாதே. காற்றுக் குழாய்க்கு பி.வி.சி. பைப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். அது உடைந்தால் தூள் தூளாகத் தெறிக்கும். கூடவே கூடாது.

2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. போர்டிலிருந்து தனி லைன், 16 ஆம்பியர் பிளக், எர்த் மூன்றும் அவசியம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் காயில் எரியும். தூரம் எட்டவில்லை என்றால் ஒயரை நீட்டாதே, ஏர் ஓஸை நீட்டு. ஓஸின் உள்விட்டம் 10 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லிய ஓஸில் பாதி அழுத்தம் வழியிலேயே போய்விடும்.

இனி தண்ணீர். பெயிண்டரின் நிரந்தர எதிரி அதுதான்.

30 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் ஒரு சென்னை நாளை எடுத்துக்கொள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். 5 சி.எஃப்.எம். இழுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் எட்டரை கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கும். அதாவது 200 கிராம் தண்ணீர். அழுத்தி அடைத்துக் குளிர்ந்ததும் அந்தக் காற்றால் அவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாது. பெரும்பகுதி நீராக இறங்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர்! அது டேங்க் அடியில் தேங்கினால் துரு. ஓஸ் வழியாக வந்து கன்னில் பீச்சினால், நீ நாள் கணக்கில் வாட்டர் பேப்பர் தேய்த்து, பட்டி பார்த்து, சர்ஃபேசர் அடித்துத் தயார் செய்த பரப்பில் கொப்புளம்.

இதற்கு வைத்தியம் சுலபம், ஆனால் பெரும்பாலானவர்கள் தப்பாகச் செய்கிறார்கள். தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டிவிடுகிறார்கள். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும். ஈரம் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஓஸில் குளிர்ந்து, கன்னுக்குப் பக்கத்தில் நீராகும். கம்ப்ரசரிலிருந்து சில மீட்டர் தள்ளி, காற்று ஆறின பிறகு ஃபில்டரை வை. கன் அடியில் ஒரு சின்ன ஃபில்டர் கூடுதலாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் டேங்க் அடியில் உள்ள டிரெயினைத் திறந்துவிடு. ஒவ்வொரு தடவையும். மழைக்காலத்தில் லேக்கர் அடித்தால் வெள்ளைப் புகை படிந்தது போலப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்க, அதில் காற்றின் ஈரம் உட்காருவதுதான் காரணம். தின்னர் ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் கலந்து சமாளிக்கலாம். வெயில் வரும்வரை காத்திருந்தால் இன்னும் நல்லது. காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தொழில் வசப்படும். மற்றவர்கள் அடித்ததைச் சுரண்டிச் சுரண்டியே காலம் கழிப்பார்கள்.

இப்போது கன்னுக்கு வருவோம். பழைய வகை கன்னில் 40, 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடிப்போம். பெயிண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வண்டியில் உட்காரும், மிச்சம் காற்றோடு போகும். எச்.வி.எல்.பி. என்கிற வகையில் முனையில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது. பெயிண்டில் 65 சதவீதமாவது பரப்பில் உட்கார வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். பெயிண்ட் மிச்சம், புகை குறைவு. ஆனால் அது 8 முதல் 15 சி.எஃப்.எம். வரை காற்று குடிக்கும். உன் 2 எச்.பி. அதற்கு ஈடு கொடுக்காது. பேனல் பாதியில் அழுத்தம் இறங்கி, துளி பெரிதாகி, பாதி வழவழப்பு பாதி சொரசொரப்பு என்று நிற்கும். வீட்டுக் கம்ப்ரசருக்குப் பொருந்துவது எல்.வி.எல்.பி. வகை. ஏறக்குறைய 4 முதல் 6 சி.எஃப்.எம்.முக்குள் வேலை செய்யும் கன்கள் அதில் கிடைக்கின்றன. கப் மேலே இருக்கும் கிராவிட்டி வகையாக, 1.3 மில்லிமீட்டர் நாசிலாக வாங்கு. கலருக்கும் கிளியருக்கும் அது போதும். பிரைமர் கெட்டியானது, அதற்கு 1.7 அல்லது 1.8. அதற்கென்று விலை குறைந்த கன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள். ஒரு தடவைக்கு ஒரே பாகம் அடி, கம்ப்ரசர் நிரம்பட்டும், பிறகு அடுத்தது.

கன் வாங்கியதும் அதைக் கழுவக் கற்றுக்கொள். அடித்து முடித்த கையோடு கழுவ வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து கழுவக் கூடாது. கன்னை முழுசாகத் தின்னரில் ஊற வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் கெட்டுவிடும். ஏர் கேப்பின் ஓட்டைகளைக் கம்பியால் குத்தாதே, ஈர்க்குச்சி போதும். ஓட்டை துளி அகலமானாலும் விசிறி வடிவம் கோணலாகும். கருவியை நடத்துகிற விதத்தைப் பார்த்தே ஒரு பையன் இந்தத் தொழிலில் நிற்பானா, ஓடுவானா என்று என் குருநாதர் கண்டுபிடித்துவிடுவார். அவர் கணிப்பு தப்பிப் பார்த்ததில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. வாயில் ஒரு கர்ச்சீப் கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க வண்டி அடித்தவர் அவர். கடைசிக் காலத்தில் மாடிப்படி நான்கு ஏறினால் நிற்பார். மூச்சு வாங்கும்போது விசில் மாதிரி சத்தம் வரும். அந்தத் தலைமுறையில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லாமல் விட்டால் அது பாவம்.

இந்தக் கன் பிறந்த கதையிலேயே ஒரு முரண் இருக்கிறது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர், நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிப்பதற்காக 1888-ல் ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் அதையே மாற்றி 1907-ல் பெயிண்ட் கன் ஆக்கினார். 1920-களில் டூபாண்ட் கம்பெனியின் டூக்கோ லேக்கர் வந்தது. அது பிரஷ் இழுப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதால் கார் கம்பெனிகள் கன்னுக்கு மாறின. வாரக்கணக்கில் காய வைத்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. தொண்டைக்கு மருந்து கொண்டுபோகப் பிறந்த கருவிதான் இன்று லட்சக்கணக்கான தொழிலாளிகளின் தொண்டைக்குள் கரைப்பான் புகையைக் கொண்டுபோகிறது.

துணி முகமூடியும் என்-95 முகமூடியும் தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் உள்ள, முன்னால் தூசி ஃபில்டர் போட்ட ரப்பர் முகமூடி வாங்கு. தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டாது, இடுக்கு வழியாகப் புகை போகும். வேலை முடிந்ததும் மூடி போட்ட டப்பாவில் வை. வெளியே தொங்கவிட்டால் கரி சும்மாவே காற்றில் உள்ள ஆவியை உறிஞ்சித் தீர்ந்துபோகும்.

ஆனால் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட் என்றால் இந்த முகமூடியை நம்பியும் வீட்டில் இறங்காதே. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984-ல் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். ஹார்ட்னரில் இருப்பது அதே பொருள் இல்லை, அவ்வளவு வேகமாக ஆவியாகக் கூடியதும் இல்லை. இருந்தாலும் ஒரே குடும்பம். ஸ்ப்ரேயாக அடிக்கும்போது மூச்சில் போய் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒரு தடவை உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். அதோடு பெயிண்டிங்கையே விட வேண்டியதுதான். ஆபத்தான அளவு வந்தும் அதற்கு வாசனை தெரியாது. அதனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததை மூக்கு சொல்லாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றை ஓஸ் வழியாக முகமூடிக்குள் தரும் ஏற்பாடும், முறையான ஸ்ப்ரே பூத்தும் இருந்தால்தான் அதை அடிக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஹார்ட்னர் இல்லாத லேக்கரைப் பெட்ரோல் கரைத்துவிடும். டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒரு துளி சிந்தினால் போதும். எனவே பெட்ரோல் டேங்குக்கு டூ-கே கிளியர்தான் நிலைக்கும். வழி இதுதான்: பட்டி, தேய்ப்பு, பிரைமர், கலர் எல்லாம் நீ செய். கலர் வாங்கும்போதே மேலே டூ-கே கிளியர் தாங்குமா என்று கேட்டு வாங்கு. கிளியர் கோட்டுக்கு மட்டும் பூத் உள்ள பட்டறையில் கொடு. உன் திறமைக்கு அதில் குறைச்சலே இல்லை. பெயிண்டிங்கில் பெரும்பகுதி தேய்ப்புதான், அதை நீதானே செய்திருக்கிறாய்.

இடம் பற்றி. நம் ஊர் கார் ஷெட்டில் என்னென்ன இருக்கிறது? ஈ.பி. மீட்டர், போர் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, பெட்ரோலோடு நிற்கும் அப்பாவின் ஸ்கூட்டர், சில வீடுகளில் அடுப்படிச் சன்னல். லேக்கரில் கலக்கும் என்.சி. தின்னரில் உள்ள டொலுயீனின் ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து ஸ்டார்ட்டர் இருக்கும் மூலைக்கும் அடுப்படிக்கும் போகும். ஸ்டார்ட்டர் சொடுக்கும்போது வரும் ஒரு பொறி போதும். ஆகவே மோட்டாரை அணைத்து, அடுப்பை அணைத்து, விளக்கேற்றும் நேரத்தை மாற்றி, ஸ்கூட்டரை வெளியே எடு. சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனை வைத்துப் புகையை உறிஞ்சாதே, அதன் மோட்டாருக்குள்ளேயே பொறி வரலாம். சுத்தமான காற்று இருக்கும் பக்கத்தில் ஃபேனை வைத்து உள்ளே தள்ளு. எதிர்ப்பக்கக் கதவு வழியாகப் புகை போகட்டும். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும்.

அந்தப் புகை போகும் திசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் டிரிகரைத் தொட வேண்டும். பக்கத்து வீட்டுக் காரில் படிந்த சொரசொரப்பைத் தேய்த்து எடுத்துக் கொடுக்கலாம். கொடியில் காயும் புடவையில் படிந்தால் என்ன செய்வாய்? முதல் நாளே போய், "நாளைக்குக் காலையில பெயிண்ட் அடிக்கிறேன்க்கா, துணி காயப் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு வா. குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருக்கும் வீடு என்றால் வேறு இடம் பார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த வேலையே வேண்டாம்.

எல்லாம் தயாரானதும் நேராக வண்டியில் கை வைக்காதே. பழைய இரும்புக் கடையில் நசுங்கின மட்கார்டோ, கார் பானெட்டோ எடைக்குக் கிடைக்கும். சென்னைக்காரன் என்றால் புதுப்பேட்டையில் வேண்டிய அளவு பொறுக்கலாம். ஒரு சாண் தூரத்தில் கன்னைப் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல் கையோடு இழுத்து, ஒரு வரியின் பாதி அடுத்த வரியில் ஏறும்படி அடி. வழிந்தால் பெயிண்ட் அதிகம் அல்லது கை மெதுவு. தூளாக உட்கார்ந்தால் தூரம் அதிகம். அந்தத் தகரத்தை அடித்து, தேய்த்து, மறுபடி அடி. கை தானாகவே ஒரே வேகத்தில் போகிற அன்றைக்கு வண்டியைத் தொடு.

கடைசியாக உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கிளியர் கோட்டுக்காக டேங்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவாய் அல்லவா? அங்கே உன் வயதில், உன்னைவிடச் சின்ன வயதில்கூட, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பூத் பக்கம் எடுபிடி வேலை செய்கிற பையன்கள் இருப்பார்கள். உனக்கு இது ஞாயிற்றுக்கிழமை ஆசை, அவர்களுக்குத் தினமும் அதே புகை. மேஸ்திரியிடம் மரியாதையாகப் பேசு. அந்தப் பையன்களுக்கு நல்ல முகமூடி கொடுத்திருக்கிறாரா, பூத்துக்குள் நிற்பவருக்குக் காற்று ஓஸ் இருக்கிறதா என்று கேள். இல்லாத பட்டறைக்கு உன் டேங்கைக் கொடுக்காதே.